பலகையின் நடுவே வெட்ட எந்த மின்கருவி?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வீட்டு மரவேலை என்றால் நிலையும் கதவும் சன்னலும்தான் என்றிருந்த காலம் போய்விட்டது. மேலநீலிதநல்லூரில் புதிதாக எழும் வீடுகளில் சமையலறைக்குப் பிளைவுட் அலமாரி, கூடத்துக்கு டி.வி. யூனிட், பரணுக்குக் கதவு, பூசை மாடத்துக்குச் சல்லடைக் கதவு என்று பலகை வேலை பெருகிவிட்டது. இந்த வேலைகளில் எல்லாம் பலகையின் நடுவே எதையாவது வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்விட்ச் பெட்டிக்குச் செவ்வகம், கேபிளுக்கு வட்டம், கழுவுதொட்டிக் குழாய்க்குத் துளை, எக்ஸாஸ்ட் மின்விசிறிக்கு அகன்ற வட்டம். ஓரத்திலிருந்து நேராக அறுப்பது எளிது. ஓரத்தைத் தொடாமல் நடுவில் மட்டும் வெட்டுவது அப்படியல்ல. கை தேர்ந்த ஆசாரியும் அங்கே ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். இந்தக் கட்டுரையில் அதை உள்வெட்டு என்று சொல்வோம்.

இத்தகைய சிறு வேலைக்கு ஆசாரியை ஒருநாள் கூலிக்கு அழைப்பது இரு தரப்புக்கும் கட்டுப்படியாவதில்லை. அவருக்கு நிலை செய்யும் வேலை காத்திருக்கும். வீட்டுக்காரருக்கு வேண்டியது ஒரே ஒரு துளை. ஆகவே பலரும் ஒரு மின்கருவியை வாங்கித் தாங்களே செய்யத் துணிகிறார்கள். அந்தத் துணிவு நல்லது. ஆனால் பெரும்பாலும் எது கடையில் முன்னால் இருக்கிறதோ, எதைப் பக்கத்து வீட்டில் பார்த்தார்களோ, அதை வாங்கிவிடுகிறார்கள். பிறகு எல்லா வெட்டையும் அந்த ஒரு கருவியால் போட முயல்கிறார்கள். பலகை பாழாவதும் விரல் போவதும் இதனால்தான். எந்தக் கருவி எந்த உள்வெட்டுக்குப் பொருந்தும், ஏன் பொருந்தும், ஒரு சாதாரண வீட்டுக்கு எது போதும் என்பதை இங்கே முழுமையாகப் பார்ப்போம்.

கருவிக்கு முன் நான்கு கேள்விகள்

முதல் கேள்வி, வெட்டின் வடிவம் என்ன? சிறு வட்டம், பெரு வட்டம், செவ்வகம், வளைகோடு என ஒவ்வொன்றும் வேறு கருவியைக் கேட்கும். இரண்டாவது, வெட்டிய ஓரம் வெளியே தெரியுமா? ஸ்விட்ச் பெட்டியின் ஓரத்தை மேல்தட்டு மறைத்துவிடும். கேபிள் துளையை பிளாஸ்டிக் வளையம் மறைக்கும். பூசைக் கதவின் ஓரத்தை எதுவும் மறைக்காது. அது வழுவழுப்பாக இருந்தே தீர வேண்டும். மூன்றாவது, பலகை மேசைமேல் இருக்கிறதா, சுவரில் ஏற்கெனவே பொருத்தப்பட்டுவிட்டதா? பொருத்திய பலகையைத் திருப்ப முடியாது, பின்புறம் சுவரோ கம்பியோ இருக்கலாம். நான்காவது, ஒரு துளையா, ஒரே மாதிரி பத்துத் துளைகளா?

இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிவிட்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். மீதிப் பாதியைத் தீர்மானிப்பது வெட்டப்படும் பொருள்.

மரமும் பலகையும்

நம் பக்கம் வீட்டு வேலைக்கு வரும் மரங்களில் வேம்பு முதன்மையானது. கரையான் எளிதில் அண்டாது என்பதால் தோட்டத்து வேம்பை அறுத்து நிலைக்கும் அலமாரிக்கும் பயன்படுத்துவது பழைய வழக்கம். வேம்பின் நார்கள் ஒரே திசையில் ஓடாமல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மெல்லிய பிளேடு அந்தப் பின்னலைப் பின்பற்றி இழுபடும், ஓரமும் பிய்யும். வாகை அழகிய பழுப்பு நிறம் கொண்டது, உறுதியானது. ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் அடங்காது. தேக்குக்குள் சிலிக்கா எனும் மணற்சத்து இருப்பதால் சாதாரண எஃகு பிளேடின் பல் விரைவில் மழுங்கும். அதற்குக் கார்பைடு முனை கொண்ட பிளேடும் பிட்டுமே ஏற்றவை. பனையின் கருநார் இரும்புபோல் கடினம். நார்களுக்கு இடைப்பட்ட சோறு மென்மை. இரண்டும் மாறிமாறி வருவதால் எந்தக் கருவியும் பனையில் சீராக ஓடாது. பனங்கையில் உள்வெட்டுத் தேவைப்பட்டால் முதலில் துளைகள் போட்டுப் பிறகு உளியால் எடுப்பதே நல்லது.

தேக்கு முதலான மரங்களை வாங்க இப்பகுதியினர் தென்காசி, செங்கோட்டை மரக்கடைகளை நாடுகிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதிவரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்த செங்கோட்டை, ஆரியங்காவு கணவாயின் வாயிலில் இருப்பதால் மலைக்கு அப்பாலிருந்து மரம் வரும் வழியாக அமைந்துவிட்டது. பிளைவுட்டும் அந்தத் திசையிலிருந்து வருவதுண்டு. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே ரப்பர் மரம் பெருமளவில் பயன்படுகிறது.

பிளைவுட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கவனிக்க வேண்டும். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கான தரம், ஐ.எஸ். 710 என்பது மெரைன் எனப்படும், நீரைத் தாங்கும் பலகைக்கான தரம். தரம் குறைந்த பலகையின் உள் அடுக்குகளில் இடைவெளி இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பிளேடு அந்த இடைவெளியில் துள்ளி மேல் அடுக்கைப் பெயர்த்துவிடும். ஓரம் பிய்ந்ததற்குக் கருவியைக் குறை சொல்பவர்கள் பலகையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். எம்.டி.எஃப். வெட்டுவதற்கு மிக எளிது, ஓரமும் பிய்யாது. ஆனால் அதன் தூள் மாவுபோல் நுண்மையானது, அதில் பசையும் கலந்திருக்கும். குளியலறைக்குப் பயன்படும் பி.வி.சி., டபிள்யூ.பி.சி. பலகைகளை அதிவேகத்தில் வெட்டினால் உருகிப் பிளேடில் ஒட்டும். அவற்றுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

துளைப்பான்: முதல் படி

உள்வெட்டு என்றதும் ரம்பம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் சிறு வட்டங்கள் அனைத்துக்கும் டிரில் மிஷினே போதும். 12 மி.மீ. வரை சாதாரண மர பிட், 35 மி.மீ. வரை ஃபார்ஸ்ட்னர் பிட், அதற்கு மேல் ஹோல் சா. அலமாரிக் கதவில் ஆட்டோ கீல் பொருத்த 35 மி.மீ. குழி வேண்டும். 18 மி.மீ. பலகையில் அதன் ஆழம் சுமார் 12 மி.மீ. இருந்தால் போதும். 1874-இல் பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிட் இதற்கென்றே அமைந்ததுபோல் தட்டையான அடியுடன் குழி எடுக்கும்.

மேசையில் கம்பிகள் இறங்கும் துளைக்கு 60 மி.மீ. ஹோல் சா பொருத்தமானது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நடுவிலுள்ள பைலட் பிட் மறுபக்கம் எட்டிப்பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். பலகையைத் திருப்பி, அதே துளையில் பைலட்டை வைத்து மீதியை மறுபக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். இரு பக்கமும் ஓரம் பிய்யாது. ஹோல் சாவை மெதுவான வேகத்தில் ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் மரம் கருகும். டிரில்லின் பக்கக் கைப்பிடியைக் கட்டாயம் பொருத்திக்கொள்ள வேண்டும். பல் சிக்கினால் மிஷின் மணிக்கட்டையே முறுக்கிவிடும்.

வீட்டில் டிரில் ஏற்கெனவே இருந்தால், வேண்டிய துளை வட்டமாகவும் சிறியதாகவும் இருந்தால், வேறு கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஜிக்சா: எந்த வடிவத்துக்கும் வளையும் ரம்பம்

வட்டத்தைத் தாண்டிய எந்த வடிவமானாலும் முதலில் நினைக்க வேண்டியது ஜிக்சா. 1946-இல் சுவிட்சர்லாந்தின் சின்டில்லா நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் காஃப்மன், தையல் இயந்திரத்தின் ஊசியைக் கழற்றி அங்கே ரம்பப் பிளேடைப் பொருத்திப் பார்த்ததிலிருந்து இக்கருவி பிறந்தது. அடுத்த ஆண்டே அது விற்பனைக்கு வந்தது. 1954-இல் அந்நிறுவனத்தை பாஷ் எடுத்துக்கொண்டது. ஊசி மேலும் கீழும் போய்வருவதுபோல் இதன் பிளேடும் போய்வரும். இதன் பலமும் பலவீனமும் அந்த அசைவில்தான் இருக்கின்றன.

பலம்: பிளேடு குறுகியது, ஒரு முனை மட்டுமே பிடிக்கப்பட்டது. ஆகவே 10 மி.மீ. துளை ஒன்றைப் போட்டு அதன் வழியே பிளேடை இறக்கி, செவ்வகமோ நீள்வட்டமோ பெயர்ப்பலகை எழுத்தோ எதையும் வெட்டலாம். பின்வாங்கி அடிக்கும் ஆபத்தும் வட்டரம்பத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. புதியவர் ஒருவர் கையில் அச்சமின்றிக் கொடுக்கத்தக்க மின்ரம்பம் இதுவே.

பலவீனம்: பிளேடின் கீழ்முனையைப் பிடிக்க எதுவும் இல்லை. தடித்த மரத்தில் அது சாய்ந்துவிடும். மேலே கோட்டின்மேல் சரியாகப் போன வெட்டு கீழே இரண்டு மூன்று மி.மீ. விலகியிருக்கும். பெட்டியில் 65 மி.மீ. ஆழம் வெட்டும் என்று எழுதியிருந்தாலும் வேம்பு, வாகை போன்ற மரத்தில் 25 மி.மீ.க்கு மேல் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. 12, 18 மி.மீ. பிளைவுட்டில் அது தன் இயல்பான இடத்தில் இருக்கும்.

ஜிக்சாவில் நல்ல வெட்டும் கெட்ட வெட்டும் பெரும்பாலும் பிளேடைப் பொறுத்தவை. கருவிக்குப் பெரும்பணம் கொடுத்துவிட்டு, கூட வந்த ஒரே பிளேடால் எல்லாவற்றையும் வெட்டுவது வீண். பிளேடின் தண்டில் எழுத்தும் எண்ணும் அச்சிட்டிருக்கும். டி 144 டி விரைவான முரட்டு வெட்டுக்கு. டி 101 பி சுத்தமான நேர்வெட்டுக்கு. டி 119 பி.ஓ. அகலம் குறைந்தது, வளைவுக்கு. டி 118 ஏ இரும்புத் தகட்டுக்கு. சாதாரணப் பிளேடின் பற்கள் மேல்நோக்கி இருப்பதால் அது மேலே வரும்போதுதான் வெட்டும்; மேல்பக்கம்தான் பிய்யும். எனவே பலகையின் நல்ல முகத்தைக் கீழே வைத்து, பின்புறத்தில் கோடு போட்டு வெட்ட வேண்டும். சுவரில் பொருத்திய பலகையைத் திருப்ப முடியாதபோது, பின்னால் பிளேடுக்கு இடமிருந்தால், டி 101 பி.ஆர். எனும் தலைகீழ்ப் பல் பிளேடு உதவும். அது கீழே இறங்கும்போது வெட்டும், மேல் மைக்கா தப்பிக்கும். கருவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் போதும்.

பக்கத்தில் பூஜ்யம் முதல் மூன்று வரை எண்ணிட்ட ஒரு திருகு இருந்தால், அது பிளேடை முன்னும் பின்னும் ஊசலாடச் செய்யும் அமைப்பு. மூன்றில் வைத்தால் வேகமாக அறுக்கும், ஓரம் கரடுமுரடாகும். மைக்கா ஒட்டிய பலகைக்கும் வளைவுக்கும் பூஜ்யமே சரி. இந்த அமைப்பும் வேகக் கட்டுப்பாடும் இல்லாத ஜிக்சாவை விலை மலிவு என்று வாங்க வேண்டாம். கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் பென்சிலால் வரைந்தால் கோடும் தெளிவாகத் தெரியும், கருவியின் அடித்தட்டு மைக்காவைக் கீறாது.

மார்பிள் கட்டரும் கிரைண்டரும்

இந்தப் பகுதியை மனக்கவலையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. கல்லும் டைல்ஸும் வெட்டுவதற்கான 4 அங்குல மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி பிளைவுட் அறுப்பது தமிழ்நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. விலை குறைவு, கையடக்கம், நேர்வெட்டு வேகம் என்று காரணங்கள் சொல்கிறார்கள். இன்னும் சிலர் ஆங்கிள் கிரைண்டரில் அதே பிளேடை மாட்டுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 110 மி.மீ. விட்டமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால் அதன் பல் நொடிக்கு 69 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 250 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. மரம் வெட்டும் முறையான வட்டரம்பத்தில் பிளேடின் கீழ்ப்பாதியை மூடும் கவசம் உண்டு. வெட்டு முடிந்ததும் அது தானே மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அது இல்லை. அது கல்லைத் தேய்க்கும் பல்லில்லாத வைரச் சக்கரத்துக்காக வடிவமைத்த கருவி. மரத்தில் பல் சிக்கினால் கருவி முழுவதும் ஓட்டுபவரை நோக்கித் துள்ளும். நடுப்பலகையில் மேலிருந்து பிளேடை இறக்கும்போது இந்தத் துள்ளல் மிக எளிதாக நேர்கிறது. உள்வெட்டுக்கு வேண்டிய செயலும் அதுவே. கிரைண்டரில் பல் பிளேடு மாட்டுவது இதைவிடக் கொடியது. எந்த அவசரத்துக்கும் எந்தச் சிக்கனத்துக்கும் அதைச் செய்யக் கூடாது.

பாதுகாப்பை விட்டுவிட்டுப் பார்த்தாலும் வட்டப் பிளேடு உள்வெட்டுக்குப் பொருந்தாது. 18 மி.மீ. பலகையில் 110 மி.மீ. பிளேடை 20 மி.மீ. ஆழத்துக்கு இறக்கினால், அடிமுகத்தில் வெட்டு மூலையை எட்டும்போது மேல்முகத்தில் மூலையைத் தாண்டி சுமார் 28 மி.மீ. ஓடியிருக்கும். ஸ்விட்ச் தட்டு அதை மறைக்காது. மூலைக்கு முன்பே நிறுத்தினால் மீதியைக் கைரம்பத்தாலோ ஜிக்சாவாலோதான் முடிக்க வேண்டும். அப்படியானால் ஜிக்சாவையே முதலில் எடுத்திருக்கலாம். பெரிய கழுவுதொட்டிக்கான நீண்ட பக்கங்களைத் தண்டவாளத்தில் ஓடும் பிளஞ்ச் ரம்பத்தால் நேர்த்தியாக வெட்டலாம் என்பது உண்மை. ஆனால் அது தொழிற்கூடத்துக்கான முதலீடு.

டிரிம்மரும் ரூட்டரும்: ஓரத்தின் அழகு

ஜிக்சா வடிவத்தைத் தரும். டிரிம்மர் அந்த வடிவத்தின் ஓரத்தைத் தரும். ரூட்டரின் சிறு உருவமே டிரிம்மர். ஒரு கையால் பிடிக்கலாம், நிமிடத்துக்கு 30,000 சுற்று அளவில் சுற்றும். மைக்காவின் ஓரத்தைச் சீவ ஆசாரிகள் அன்றாடம் பயன்படுத்தும் இக்கருவி உள்வெட்டில் என்ன செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இதன் வலிமை அச்சுப் பலகையில் இருக்கிறது. 9 மி.மீ. எம்.டி.எஃப். துண்டில் வேண்டிய வடிவத்தை நிதானமாக வெட்டி, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துச் சரியாக்க வேண்டும். அதை நல்ல பலகையின்மேல் கிளாம்ப் போட்டுப் பொருத்தி, ஜிக்சாவால் கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளே தள்ளி முரட்டு வெட்டு எடுக்க வேண்டும். பிறகு பேரிங் வைத்த பிட்டை டிரிம்மரில் மாட்டி அச்சின் ஓரத்தைத் தொட்டபடி ஓட்டினால், மீந்த 2 மி.மீ. போய் அச்சின் வடிவம் அப்படியே பலகையில் இறங்கும். ஓரம் ஆலையில் வெட்டியதுபோல் நேராக இருக்கும். ஒரே அளவில் பத்துத் துளை வேண்டுமென்றால் அச்சு ஒன்றே போதும். பத்தும் ஒன்றுபோல் அமையும். கை நடுக்கமுள்ளவரும் அச்சைச் சரியாகச் செய்துவிட்டால் நேர்த்தியான வெட்டு எடுக்கலாம். புதியவருக்கு டிரிம்மர் தரும் பெரிய உதவி இது.

பேரிங் பிட்டுக்குப் பதில் கைடு புஷ் எனும் உலோக வளையத்தையும் பயன்படுத்தலாம். அப்போது அச்சின் துளை வேண்டிய அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வளையத்தின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் ஒரு பக்கத்து வித்தியாசம் கிடைக்கும். வளையம் 16 மி.மீ., பிட் 6 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 5 மி.மீ.; அச்சின் அகலமும் நீளமும் 10 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும்.

டிரிம்மருக்குரிய ஒழுக்கங்கள் சில உண்டு. ஒரே ஓட்டத்தில் 18 மி.மீ. ஆழத்தைத் தோண்டக் கூடாது. 6 மி.மீ. பிட்டால் முழு மரத்தில் பள்ளம் எடுக்கும்போது மூன்று மூன்று மி.மீ. ஆக இறங்க வேண்டும். துளையின் உள் ஓரத்தைச் சீவும்போது கடிகார முள் சுற்றும் திசையிலும், பலகையின் வெளி ஓரத்தைச் சீவும்போது அதற்கு எதிர்த் திசையிலும் நகர்த்த வேண்டும். மாறிப்போனால் கருவி கையைவிட்டு ஓடப் பார்க்கும். 6 மி.மீ. தண்டும் கால் அங்குலமான 6.35 மி.மீ. தண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். பிடிக்கும் கொலட் எதுவோ அதற்குரிய தண்டையே மாட்ட வேண்டும். தண்டை அடிவரை தள்ளிவிடாமல் சிறிது வெளியே இழுத்துவிட்டு இறுக்குவது முறை.

டிரிம்மர் வெட்டும் உள்மூலை என்றும் வளைந்தே இருக்கும், 12 மி.மீ. பிட் என்றால் 6 மி.மீ. ஆரம். சதுர மூலை தேவையானால் உளியால் எடுக்க வேண்டும். ஆனால் எல்லா மூலையையும் சதுரமாக்கத் துடிக்க வேண்டாம். முழுமரப் பலகையில் சதுர மூலையிலிருந்துதான் விரிசல் தொடங்கும். வளைந்த மூலை பலகைக்கு வலிமை.

அரை அங்குலத் தண்டு பிடிக்கும் பெரிய ரூட்டர் ஒரு வீட்டுக்குத் தேவையில்லை. நிலைக்கும் கதவுக்கும் வேலைப்பாடு செய்பவருக்கே அது.

மல்டி டூல்: பொருத்திய பலகைக்கு

சுவரில் அலமாரி ஏறிவிட்டது. பின்பலகையில் ஸ்விட்ச் பெட்டி வர வேண்டும். ஜிக்சாவின் பிளேடு பின்னாலுள்ள சுவரில் முட்டும். டிரிம்மருக்கு அச்சு பிடிக்க இடமில்லை. இங்கே வருகிறது அதிர்வு மல்டி டூல். இதன் பிளேடு சுற்றுவதில்லை. மூன்று பாகை அளவு இடவலமாக அதிர்கிறது, நிமிடத்துக்கு 20,000 முறை வரை. மாவுக்கட்டைப் பிரிக்கும் மருத்துவ ரம்பத்தின் கருத்தே இதற்கு மூலம். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் அந்த வகைக் கருவியை 1967-இல் செய்து, பின்னர் மரவேலைக்கும் கட்டட வேலைக்கும் கொண்டுவந்தது. பிளேடின் நேர்முனையைக் கோட்டின்மேல் வைத்து அழுத்தினால் முன்துளை இல்லாமலே இறங்கும்; மூலைக்குச் சரியாக வந்து நிற்கும்; ஆழம் கையில் இருக்கும்.

குறை என்னவென்றால், வேகம் குறைவு, நீண்ட கோட்டில் நேர் தவறும், பிளேடின் விலை அதிகம். ஆணியில் பட்டால் சாதாரணப் பிளேடு அத்தோடு முடிந்தது. வீட்டைப் புதுப்பிக்கும் வேலை தொடர்ந்து இருப்பவருக்கு இது நல்ல மூன்றாம் கருவி. வாங்குமுன் அதன் பிளேடு பொருத்தும் அமைப்பு எது, அந்தப் பிளேடு சங்கரன்கோவிலிலோ திருநெல்வேலியிலோ கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

டிரெமல் போன்ற சிறு சுழல் கருவிகள் பொம்மை, பெயர் பொறிப்பு ஆகியவற்றுக்கு நல்லவை; 18 மி.மீ. பலகையின் உள்வெட்டுக்கு அவற்றின் மோட்டார் போதாது. சுருள் பிட் பொருத்திய கட் அவுட் கருவிகள் ஜிப்சம் கூரைக்கானவை.

சி.என்.சி. கடையும் கைக்கருவியும்

பூசைக் கதவின் சல்லடை வேலை, கொடிக் கோலம், ஓம் எழுத்து போன்ற நுண்வெட்டுகளுக்கு ஸ்க்ரோல் சா எனும் மேசை ரம்பம் உண்டு. நூலிழை போன்ற பிளேடு, இரு முனையும் பிடிக்கப்பட்டது. நம் ஊர்க் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. அதே வேலையை ஃப்ரெட் ரம்பம் எனும் கைக்கருவி 6 மி.மீ. பலகையில் அழகாகச் செய்யும். பொறுமை மட்டும் வேண்டும்.

கதவு முழுவதும் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருமானால் அதை சி.என்.சி. கடையில் கொடுப்பதே அறிவுடைமை. எட்டுக்கு நான்கு அடிப் பலகையை அப்படியே ஏற்றி, கணினி வரைபடத்தின்படி ரூட்டர் பிட்டால் வெட்டித் தருவார்கள். இதைக் கைவினைக்கு எதிரி என்று நினைக்க வேண்டியதில்லை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பத்தின் உயிர் உளியின் ஆழத்தில் இருக்கிறது. தட்டையான பலகையில் ஊடுருவ வெட்டும் சல்லடை வேறு வகை வேலை. சிற்பம் வேண்டுவோர் சிற்பியிடம் போகட்டும். சல்லடை வேண்டுவோர் இயந்திரத்திடம் போகட்டும்.

நல்ல உளி ஒன்றும் கொட்டாப்புளி ஒன்றும் எந்த மின்கருவி வாங்கினாலும் வீட்டில் இருக்க வேண்டியவை. பூட்டு பதிக்கும் குழியை டிரில்லால் வரிசையாகத் துளைத்து உளியால் சமன் செய்வது ஆசாரிகளின் முறை. அதைவிடச் சிறந்த மின்முறை வீட்டளவில் இல்லை.

வேலைக்கு ஏற்ற முடிவு

மேலே சொன்னவற்றை நடைமுறையில் வைத்துப் பார்ப்போம். டி.வி. யூனிட்டில் கேபிள் துளை: டிரில்லும் 60 மி.மீ. ஹோல் சாவும். மேசைமேல் இருக்கும் பலகையில் ஸ்விட்ச் பெட்டி: நான்கு மூலையிலும் 10 மி.மீ. துளை, பிறகு ஜிக்சா. ஓரம் மறைவதால் வேறு எதுவும் வேண்டாம். பொருத்திய பலகையில் அதே பெட்டி: மல்டி டூல்; இல்லையென்றால் மூலைத் துளைகளும் கைரம்பமும். 18 மி.மீ. மெரைன் பலகையில் கழுவுதொட்டி: கோட்டுக்கு உள்பக்கமாக ஜிக்சா, வெட்டும்போது நடுத்துண்டு தொங்கி ஓரத்தைப் பிய்க்காமல் இருக்க அடியில் தாங்கு, முடிந்ததும் வெட்டிய ஓரம் முழுவதும் பெயின்ட் அல்லது எபாக்சி. நீர் புகுவது வெட்டிய ஓரத்தின் வழியாகவே. எக்ஸாஸ்ட் மின்விசிறிக்குப் பெரிய வட்டம்: நடுவில் ஆணி அடித்து, டிரிம்மரைப் பட்டைப்பலகை ஒன்றில் திருகி, கவராயம்போல் சுற்றினால் பிசகாத வட்டம் கிடைக்கும், ஜிக்சாவாலும் முடியும், சட்டம் மறைத்துவிடும் என்பதால் அதுவே போதும். வெளியே தெரியும் அலங்கார வளைவு: ஜிக்சாவும் அச்சும் டிரிம்மரும் சேர்ந்து.

காற்று, தூசி, மின்சாரம், உடை

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று நம் ஊர்களில் எப்படி வீசும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்பகுதியின் காற்றாலைகள் அதை நம்பியே சுழல்கின்றன. அந்தக் காலத்தில் முற்றத்தில் வைத்து வெட்டுபவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். இல்லையேல் தூள் முழுவதும் கண்ணுக்கும் மூக்குக்கும்தான். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஒருநாள் வேலைக்கு நோய் வந்துவிடாது. ஆனால் அறைக்குள் எம்.டி.எஃப். வெட்டும்போது என்.95 முகக்கவசமின்றி நிற்பதும், அந்த இடத்தில் குழந்தைகளை விளையாட விடுவதும் கூடாது. துண்டை மூக்கில் கட்டுவது நுண்தூளைத் தடுக்காது. கண்ணாடி எந்தக் கருவிக்கும் கட்டாயம். டிரிம்மரின் இரைச்சலுக்குக் காதடைப்பும் வேண்டும்.

லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, மணிக்கட்டில் தளர்ந்த கயிறு, விரித்த கூந்தல் ஆகிய எதுவும் சுழலும் கருவியின் அருகே வரலாகாது. துணிக் கையுறை காப்பு என்று பலர் நம்புகிறார்கள். டிரில், டிரிம்மர் அருகே அது சிக்கி விரலையும் இழுத்துக்கொள்ளும். பிளேடோ பிட்டோ மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

மின்கட்டணத்தைப் பற்றிய அச்சம் தேவையற்றது. 500 வாட் ஜிக்சா முழு ஒரு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்தான். கவனிக்க வேண்டியது வயர். மெல்லிய நீட்டிப்பு வயரில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடாகும். சுருட்டிய வயரை முழுவதும் பிரித்துப் போட வேண்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பேட்டரிக் கருவிகள் வயர் தொல்லையற்றவை. ஆனால் பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்தால் விலை ஏறிவிடும். ஒரு நிறுவனத்துப் பேட்டரி பெரும்பாலும் மற்றொன்றுக்குப் பொருந்தாது. எப்போதாவது வெட்டும் வீட்டுக்கு வயர் கருவியே சிக்கனம்.

வாங்கும் வரிசை

டிரில் இல்லாத வீடு முதலில் டிரில் வாங்கட்டும். அடுத்தது வேகக் கட்டுப்பாடும் ஊசல் அமைப்பும் கொண்ட ஜிக்சா, கூடவே நேர்வெட்டு, வளைவு, தலைகீழ்ப் பல் என மூவகைப் பிளேடு. இந்த இரண்டிலேயே ஒரு வீட்டின் பெரும்பாலான உள்வெட்டுகள் முடிந்துவிடும். ஓரம் வெளியே தெரியும் வேலை வரும்போது டிரிம்மரும் பேரிங் பிட்டும் வாங்கினால் போதும். மல்டி டூல் மூன்றாம் கட்டம். தேவை ஒருமுறைதான் என்றால் இரவல் வாங்கலாம். எந்த நிறுவனத்தின் கருவியானாலும் கார்பன் பிரஷ் பக்கத்து நகரில் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா என்பதைக் கேட்டுவிட்டே பணத்தைக் கொடுக்க வேண்டும். ஒரு தெருவுக்கு ஒரு ஜிக்சாவும் ஒரு டிரிம்மரும் பொதுவாக இருந்தாலும் போதும். ஆண்டுக்குச் சில மணி நேரமே ஓடும் கருவியை ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்கி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஏற்கெனவே மார்பிள் கட்டரில் பல் பிளேடு மாட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பிளேடை இன்றே கழற்றிவிடுங்கள். கட்டரைக் கல்லுக்கே திருப்பிக் கொடுங்கள். ஜிக்சாவின் விலை ஒரு விரலுக்குச் செய்யும் மருத்துவச் செலவில் சிறு பங்குகூட ஆகாது. புதிதாக வெட்டத் தொடங்குபவர்கள் நல்ல பலகையைத் தொடுமுன் அதே பலகையின் கழிவுத் துண்டில் ஒரு வெட்டுப் போட்டுப் பாருங்கள். பிளேடு சரியா, வேகம் சரியா, எந்த முகம் பிய்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு வெட்டிலேயே தெரிந்துவிடும்.